கால்வாய்க்கு மேற்கே

ஊர் காட்டுதல் இன்று உலகெங்கும் ஒரு பெருந்தொழில். பிரான்சு தேசத்திலோ அது ஒரு படிப்பாகவும் இருக்கின்றது. தகுதி பெற்று அரசாங்கத்தின் அட்டையை வைத்திருப்பவர்களே, பணம் வாங்கிப் பயணிகளை நூதனசாலைகளிலும் பழஞ்சின்னங்களிலும் அழைத்துச் சென்று விளக்கம் கூறலாம் என்பது அந்நாட்டு விதி. தென்பிரான்சிலே கார்க்கசோன் என்றொரு கோட்டை நகரம் உண்டு. இரட்டை மதிலும் கூம்பிய கோபுரங்களுமாகக் கதைப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போல நிற்கும் அந்நகரத்தின் கூரைகளிற் பல மத்திய காலத்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வியொலே லெ துய்க் என்னும் கட்டடக் கலைஞர் பழுதுபார்த்தபோது தம் கற்பனையையும் கூட்டி அமைத்தவை. இதனை மறையாமல், 'இந்தக் கல் அக்காலத்தது, இந்தக் கூரை பிற்காலத்தது' என்று விரல் நீட்டிக் காட்டுபவரே நல்ல வழிகாட்டி என்பது என் எண்ணம். யார் கட்டினார், யார் இடித்தார், யார் மறுபடி கட்டினார் என்பதைச் சொல்லாத வழிகாட்டி, ஊரைக் காட்டவில்லை, படத்தைக் காட்டுகிறார்.

பிரெஞ்சு நகரம் பார்க்க நாம் அத்தனை தூரம் போகவேண்டியதில்லை. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கலியாணச் சேலை எடுக்கவும் கோயில் கும்பிடவும் சென்னைக்குச் செல்லும் குடும்பங்கள், இப்பொழுது புதுச்சேரிக்கும் ஒருநாள் ஒதுக்குகின்றன. சென்னையிலிருந்து கடற்கரை வழியே பஸ்ஸிற் சென்றால் மூன்று நாலு மணி நேரம். அங்கே இறங்கியதும் 'பிரெஞ்சு நகர உலா' என்ற அறிவிப்புகள் கண்ணிற்படும். காலையிற் கால்நடையாக இரண்டு மணி நேரம். விரும்பினால் மிதிவண்டியிலும் உண்டு. நானும் அப்படி ஓர் உலாவிற் சேர்ந்துகொண்டேன். வழிகாட்டி இருபத்தைந்து வயதுத் தம்பி. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் தடையின்றிப் பேசினார். மஞ்சட் சுவர்களையும், அவற்றிற் கவிந்து கிடக்கும் காகிதப்பூக் கொடிகளையும், கடற்கரைச் சாலையின் வெண்தூண்களையும், சிவப்புத் தொப்பி அணிந்த காவலரையும் காட்டினார். படம் எடுக்க எந்த மூலையில் நின்றால் வெளிச்சம் நன்றாக விழும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய நகரை இரண்டாக வகுத்து ஓடும் கால்வாயின் கரைக்கு வந்ததும் உலா முடிந்தது என்றார்.

"தம்பி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் போகமாட்டோமா?" என்று கேட்டேன்.

"அங்கே பார்க்க என்ன இருக்கு ஐயா? கடைத்தெருவும் வீடுகளுந்தான்" என்றார்.

அவரைக் குறைகூற நான் எழுதவில்லை. கூட்டம் எதைப் பார்க்க வருகிறதோ அதைக் காட்டுவது அவர் பிழைப்பு. மேற்குப் பகுதியையும் பொறுப்போடு காட்டும் மரபுரிமை நடைகள் அவ்வூரில் இல்லாமலும் இல்லை. ஆயினும் பெரும்பாலான பயணிகளின் மனத்திற் புதுச்சேரி என்பது கால்வாய்க்குக் கிழக்கே கடல்வரையுள்ள சில வீதிகளே. அந்தக் கிழக்கையுங்கூட அவர்கள் சரியாகக் கேட்டறிவதில்லை என்பதுதான் என் குறை.

முதலாவது, அந்த நேரான வீதிகள். நூல் பிடித்தாற்போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் அவ்வீதிகளைப் பிரெஞ்சு அறிவின் ஒழுங்கு என்று வழிகாட்டிகள் புகழ்வர். பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊரை 1693இற் கைப்பற்றி 1699வரை வைத்திருந்தவர்கள் ஒல்லாந்தர். 1694இல் அவர்கள் வரைந்த நகரப்படமே இன்றைய வீதிக் கட்டங்களுக்கு அடிப்படை. கொழும்புக் கோட்டையையும் காலிக் கோட்டையையும் வகுத்த அதே ஒல்லாந்தர்தாம்! வொல்வெண்டால் தேவாலயத்து மேட்டில் நின்று பழகிய நமக்குப் புதுவையின் வீதி அமைப்பிலே ஒரு பழக்கமான முகச்சாயல் தென்படுவது தற்செயல் அன்று.

பிரெஞ்சுக்காரர் அங்கே குடியேறிய கதையிலும் நமக்கு ஒரு பங்குண்டு. 1672இல் டெ லா ஹேய் என்பவர் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை முதலில் நாடியது திருக்கோணமலையை. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் இசைவோடு அங்கே கால் ஊன்றப் பார்த்தார்கள், ஒல்லாந்தர் விடவில்லை. அப்படை வடக்கே சென்று சென்னையை அடுத்த சாந்தோமைப் பிடித்தது. அங்கேயும் முற்றுகை வந்தது. உணவுக்கும் உதவிக்கும் அலைந்த காலத்திலேயே, 1673இல், பீஜப்பூர் அரசின் கீழிருந்த ஷேர்கான் லோடி என்பாரிடமிருந்து புதுச்சேரியில் இடம் கிடைத்தது. 1674இற் சாந்தோம் கைவிட்டுப் போக, பிரான்சுவா மார்த்தேன் என்பவர் சிறு கூட்டத்தோடு புதுச்சேரியை நிலைக்களமாக்கினார். திருக்கோணமலை மட்டும் அன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தால், 'பிரெஞ்சு நகர உலா' இன்று எந்தக் கடற்கரையில் நடக்குமோ!

கிழக்குப் பகுதியிலே சுஃப்ரான் வீதி என்று ஒரு வீதி உண்டு. வழிகாட்டி அதனைக் கடக்கையில் "இவர் ஒரு கடற்படைத் தலைவர்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். 1782 ஆகஸ்டிலே ஆங்கிலேயரிடமிருந்து திருக்கோணமலைக் கோட்டையைப் பிடித்தவர் அவர்தாம். செப்டெம்பர் 3ஆந் திகதி அத்துறைமுகத்துக்கு அப்பாலே ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களோடு கடும்போர் புரிந்தவரும் அவரே. சமாதானம் ஏற்பட்ட பின்னர் கோட்டை ஒல்லாந்தர் கைக்குத் திரும்பியது. நமது பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்காகப் படித்து மறக்கும் ஒரு பெயர், அங்கே சுவரில் நீலத் தகட்டிற் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதித் தொங்குகின்றது.

இரண்டாவது, அந்தக் கட்டடங்களின் வயது. 'முந்நூறு ஆண்டுப் பழமை' என்று உலாவில் அடிக்கடி காதில் விழும். 1761 சனவரியிலே, பல மாத முற்றுகையின் முடிவில், பட்டினியால் நொந்த நகரத்தைப் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலத் தளபதி கூட்டிடம் ஒப்புவித்தார். வென்றவர்கள் நகரைக் கொள்ளையிட்டதோடு நில்லாது, கோட்டையையும் தேசாதிபதியின் மாளிகையையும் ஐரோப்பியர் வீடுகளையும் திட்டமிட்டுத் தகர்த்தார்கள். நகரம் 1765இல் திரும்பக் கிடைத்தபோது பிரெஞ்சுக்காரர் கண்டது கற்குவியல். ஆகவே இன்று நாம் காணும் வெள்ளை நகரம் ஏறத்தாழ முழுவதும் அதற்குப் பின் எழுந்தது. கட்டளையிட்டவர் பிரெஞ்சுக்காரர். சுண்ணாம்பு அரைத்து, கல் சுமந்து, சுவர் எழுப்பி, முட்டைவெண்கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல மெருகிட்டவர்கள் தமிழ்க் கொத்தர்கள். அவர்கள் பெயரில் ஒரு வீதித் தகட்டையும் நான் காணவில்லை.

அந்தக் கற்குவியலின் மீது ஒரு கதை நடந்தது. அதனைச் சொல்லாமற் கடக்க மனம் வரவில்லை. லெ ழாந்தீ என்னும் பிரெஞ்சு வானியலாளர், சூரியனை வெள்ளிக்கோள் குறுக்கே கடப்பதைக் காணப் புதுச்சேரியை நோக்கி 1760இற் புறப்பட்டார். 1761 சூன் 6இல் நிகழவிருந்தது அக்காட்சி. ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி வழியிலேயே வந்தது, கப்பல் திரும்பியது. அலையில் ஆடும் கப்பற்றளத்தில் நின்று பார்த்த பார்வை கணக்குக்கு உதவவில்லை. அடுத்த நிகழ்ச்சி எட்டு ஆண்டுகள் கழித்து. அதன் பின்னர் நூற்றாண்டுக்கு மேல் இல்லை. மனிதர் ஊர் திரும்பாமல் இந்துமாக்கடலிலேயே காத்திருந்தார். 1768இற் புதுச்சேரிக்கு வந்து, பழைய மாளிகையின் இடிபாட்டின் மேலே வானாய்வுக்கூடம் கட்டினார். 1769 சூன் 4 விடியற்காலை மேகம் மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் வானம் தெளிந்தபோது வெள்ளி கடந்துபோயிருந்தது! ஊர் திரும்பினாற் செத்தவராகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர்.

இந்த அளவில் இக்கதை பல நூல்களில் உண்டு. காத்திருந்த காலத்தில் அவர் செய்தது இன்னும் சுவையானது. தமிழ்க் கணிதர்கள் எந்தக் கருவியும் இன்றி, சோழிகளை நகர்த்தியும் மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லியும் கிரகணங் கணிப்பதைக் கண்டு வியந்து, அம்முறையைக் கற்றுக்கொள்ள முயன்றார். 1765 ஆகஸ்டு 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை வைத்துச் சோதித்தபோது, கிரகண நேரத்தின் நீளத்திலே தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவில் அந்நாளிற் பெரிதும் போற்றப்பட்ட மாயர் என்பாரின் அட்டவணை 68 விநாடி கூடியிருந்தது. இதனை எழுதிவைத்தவர் அந்தப் பிரெஞ்சுக்காரரே. கணக்கிட்ட தமிழரின் பெயரை எந்த உலாவிலும் கேட்க முடிவதில்லை. ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்றால் அரசினர் பூங்காவின் நடுவில் நிறுத்தி இக்கதையைச் சொல்லட்டும். இடிக்கப்பட்ட கோட்டை நின்றது அந்தப் பகுதியிலேதான்.

அப்பூங்காவின் நடுவிலுள்ளது ஆயி மண்டபம். கிரேக்க உரோமானியப் பாணியில் வெள்ளை வெளேரென நிற்கும் அது, நகருக்கு முத்திரைப்பாளையத்து ஊற்றுநீரைக் கொண்டுவந்த நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்திலே எழுப்பப்பட்டது. பெயரோ தமிழ்க் கணிகை ஒருத்தியுடையது. அவளுடைய விளக்கேற்றிய மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கிருட்டிண தேவராயர் கைகூப்பினார் என்றும், உண்மை தெரிந்து சினந்து வீட்டை இடிக்கச் சொன்னார் என்றும், அவள் தானே இடித்து அவ்விடத்திற் குளம் வெட்டினாள் என்றும் ஊரார் சொல்வர். வரலாறோ, கர்ணபரம்பரையோ, ஒரு பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் காலத்து அதிகாரிகள் தண்ணீருக்கு நன்றி சொல்ல ஒரு தமிழ்க் கணிகையின் பெயரைக் காப்பாற்றினார்கள். புதுவை அரசின் சின்னமாக இன்று விளங்குவதும் அம்மண்டபமே.

இனிக் கால்வாயைக் கடப்போம்.

அந்நாளைய படங்களிற் கிழக்கு 'வெள்ளை நகரம்' என்றும் மேற்கு 'கறுப்பு நகரம்' என்றும் குறிக்கப்பட்டிருக்கும். நாம் முகஞ்சுளிக்கலாம். ஆனாற் கோட்டை என்றும் புறக்கோட்டை என்றும் நாள்தோறும் வாயாரச் சொல்லும் கொழும்பாருக்கு இப்பிரிவினை புதியதா? நிறத்தைச் சொல்லாமல் மதிலைச் சொன்னோம்; அவ்வளவே. கால்வாய் இப்போது ஒரு சாக்கடையாக ஓடுகிறது. வெள்ளவத்தைக் கால்வாயோரம் மாலையில் நடப்பவர்களுக்கு அதன் மணத்தை விளக்கவேண்டியதில்லை.

கால்வாயின் இந்தக் கரையிலே வீடுகள் மதிலுக்குப் பின்னே ஒளிந்து கொள்வதில்லை. கிழக்கே உயர்ந்த சுவரும் பெரிய வாயிற்கதவும் தெருவை வெளியே தள்ளுகின்றன. மேற்கே மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம் தெருவின்மேல் இறங்கி, வழிப்போக்கரையும் நிழலுக்கு அழைக்கின்றது. அதற்கு உள்ளே திண்ணை. திண்ணையைத் தாண்டினால் முற்றம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஆனால் அண்ணாந்து பார்த்தால் மேன்மாடி வேறு கதை பேசுகிறது. வளைவுச் சாளரங்கள், சுவரோடு ஒட்டிய தூண்கள், கைப்பிடிச் சுவர் எல்லாம் பிரெஞ்சுப் பாணி. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. உலகத்திற் பிரெஞ்சு வீதிகள் எத்தனையோ இருக்கலாம். இந்தக் கலப்பு வீடு புதுவைக்கே உரியது. ஒருவர் புதுவைக்கு வந்து பார்க்க வேண்டியது இதையே என்று நான் சொல்வேன்.

இவ்வகைக்கு மூத்த சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1730களிற் கட்டப்பட்டு, 1761இன் அழிவில் தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று. சந்தையை அடுத்து, அவர் பெயராலேயே வழங்கும் வீதியில், காய்கறி வண்டிகளுக்கும் துணிக்கடைகளுக்கும் நடுவிலே நிற்கின்றது. கீழ்த்தளத்திற் செதுக்கிய மரத்தூண்கள். மேற்றளத்தில் வெண்சுதைத் தூண்கள்.

பிள்ளையவர்கள் 1709இற் சென்னைப் பெரம்பூரிற் பிறந்தவர். தேசாதிபதி துய்ப்ளேயின் துபாஷியாக உயர்ந்தவர். 1736 செப்டெம்பரிலே தமிழில் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, இடையிடையே விட்டுப்போயினும், ஏறக்குறைய இறுதிவரை நடத்தினார். நகரம் வீழ்ந்த அதே 1761 சனவரியில் அவரும் மறைந்தார். 1846இலே கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டு வெளிக்கொணர்ந்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ இந்தியா விடுதலை பெற்ற பின்னரே. தமிழில் எழுதப்பட்டதைத் தமிழர் ஆங்கிலத்திற் படித்துக்கொண்டிருந்த அந்த இடைக்காலத்தை எண்ணினால் எனக்கு வெட்கமாகவே இருக்கின்றது.

அந்நாட்குறிப்பில் என்ன இல்லை? வந்த கப்பல், போன கப்பல், துணி விலை, வெள்ளித் தட்டுப்பாடு, நவாபுகளின் சண்டை, ஊர் வம்பு, சாதகம், கெட்ட சகுனம், தமக்கு நேர்ந்த மரியாதை, பிறர் பெற்ற பொறாமைக்குரிய மரியாதை எல்லாம் உண்டு. பிள்ளை ஒன்றும் நடுநிலைத் துறவி அல்லர். தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வார், பிடிக்காதவரை விடமாட்டார். துய்ப்ளேயின் மனைவி ழான் அம்மையாரை அவருக்கு அறவே பிடியாது. ஆனாற் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் மூச்சு எந்தப் பிரெஞ்சு ஆவணத்தையும்விட இதிலேதான் கேட்கிறது.

மாளிகையிலிருந்து சற்று நடந்தால் மிஷன் வீதியில் அமலோற்பவ மாதா பேராலயம். ஊரார் சம்பாக் கோயில் என்பர். முன்பு அங்கிருந்த சென் போல் தேவாலயத்தின் பெயர் தமிழ் நாவிற் புரண்டு சம்பா ஆயிற்று. இன்றைய கட்டடம் 1791இல் முடிந்தது. அழகிய கோயில், உலாக்காரரும் சில வேளை இதுவரை வருவர். ஆனால் அதற்கு அயலில் வேதபுரீசுவரர் கோயில் இருந்ததையும், 1748 செப்டெம்பரில் ஆங்கிலேயரின் முற்றுகைக் காலத்தைச் சாட்டாக வைத்துத் துய்ப்ளேயின் ஆட்சி அதனை இடித்ததையும் கூறுவோர் அரியர். ஆண்டுக்கணக்காகக் குருமார் வற்புறுத்தி வந்ததும், தேசாதிபதியின் மனைவி துணைநின்றதும், ஊர்த் தமிழர் கூடிக் கலங்கியதும், ஒன்றும் செய்யமுடியாமற் போனதும் நாட்குறிப்பிலே நாள்வாரியாக இருக்கின்றன. பிள்ளை அரசின் சம்பளத்தில் இருந்தவர்; தடுக்க இயலாதவர்; எழுதிவைத்தார். கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது; இன்றும் ஈசுவரன் கோயில் வீதியில் வழிபாடு நடக்கின்றது.

அதே தேவாலயத்தைப் பற்றி 1745 அக்டோபரில் இன்னொரு குறிப்பு உண்டு. சாதிக் கிறிஸ்தவரையும் ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்துக் கோயிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் குருவிடம் முறையிட்டு அந்தச் சுவரை இடிக்கச் செய்தார்கள், மற்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆக, அந்த ஒரே வளவிலே மூன்றாண்டு இடைவெளியில் ஒரு சுவரும் இடிந்தது, ஒரு கோயிலும் இடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னாலல்லவா அது வரலாறு? ஒன்றை மட்டும் சொன்னால் எவருடைய கட்சிக்கோ அது பிரசாரம்.

சட்டமும் நீதியும் பற்றிய கதை ஒன்று. 1873இலே பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போலச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துள் நுழைந்தார். நீதிபதி தடுத்தார். பொன்னுத்தம்பி விடாமற் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். பின்னர் 1881இல், தத்தம் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்ற ஆணை வந்தபோது, முன்னின்று அதனை ஏற்றுத் தம் பெயரோடு லாபோர்த் என்று சேர்த்துக்கொண்டார். அச்சொல்லுக்குக் 'கதவு' என்று பொருள். பிரான்சின் சமத்துவக் கொள்கையைப் பிரான்சின் அதிகாரிக்கே கற்பித்தவர் ஒரு புதுவைத் தமிழர்! ஏறக்குறைய அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாவலர் வேறொரு வழியிலே தன்மானம் பேசிக் கொண்டிருந்தார் என்பதை எண்ணுகையில், இருவரையும் ஒரே வகுப்பறையில் வைத்துப் பாடம் நடத்த ஆசையாயிருக்கின்றது.

இலக்கியத்தார்க்கு மேற்கின் முதற் காட்சி ஈசுவரன் தருமராசா கோயில் வீதியிலுள்ள பாரதியின் இல்லம். ஆங்கில ஆட்சியின் பிடிக்குத் தப்பி 1908இல் வந்த பாரதி, 1918வரை பத்தாண்டுகள் பிரெஞ்சு எல்லைக்குள் வாழ்ந்தார். அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் 1910இல் வந்தனர். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயிற்பாட்டு எல்லாம் இவ்வூரின் விளைவு. கிழக்குப் பகுதிக்குள்ளே, பிரெஞ்சுக்காரருக்கும் முன்பிருந்தே குடியிருக்கும் மணக்குள விநாயகர்மேல் அவர் நான்மணிமாலை பாடினார். குருமார் பலமுறை முயன்றும் அந்த விநாயகரை நகர்த்த முடியவில்லை என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். நான் அவர்கள் பக்கம். பெருமாள் கோயில் வீதியில் 95ஆம் இலக்க வீடு பாரதிதாசனுடையது. 1891இல் இவ்வூரிற் பிறந்து, பிரெஞ்சு அரசின் பள்ளிகளிலே தமிழாசிரியராய் வாழ்ந்த அவர் பிரெஞ்சுக் குடியரசின் முழக்கத்தைத் தமிழ் யாப்புக்குள் கொண்டுவந்தார். இரண்டு இல்லங்களும் நினைவில்லங்களாக உள்ளன. இரண்டுக்கும் போனேன். காலையில் என்னோடு உலாவந்த பன்னிருவரில் வேறெவரையும் அங்கே காணவில்லை.

கட்டடங்கள் காத்துக்கொண்டிரா. கடற்கரையிலிருந்த நகரசபை மாளிகையை ஊரார் பிரெஞ்சுச் சொல்லாலேயே 'மேரி' என்பர். 1870களின் தொடக்கத்தில் எழுந்த அது 2014 நவம்பர் 29இல் மழையிற் சரிந்து வீழ்ந்தது. பழைய வடிவிலேயே மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். வழிகாட்டி அதன்முன் நிறுத்தி "பிரெஞ்சுக் காலக் கட்டடம்" என்றார். கார்க்கசோன் கூரைகள் என் நினைவுக்கு வந்தன. வீழ்ந்ததையும் எழுந்ததையும் சொல்லியிருந்தால் அந்தக் கட்டடத்தின் மதிப்பு கூடியிருக்குமே தவிரக் குறைந்திராது.

கடற்கரை மாளிகை வீழ்ந்தால் நாளிதழில் செய்தி வரும். மேற்கில் ஒரு தாழ்வார வீடு இடிந்தால் அது செய்தியன்று. பங்காளிகள் பிரிவர், பராமரிக்கப் பணம் இராது, திண்ணை கடையாகும், பின் கொங்கிறீற்று மாடி எழும். வைசியாள் வீதியில் வரிசையாகப் பல வீடுகளின் முகப்பைப் பழுதுபார்த்துத் தாழ்வாரங்களை மீட்டிருக்கிறார்கள். செய்தால் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. பிரான்சு 1962 ஆகஸ்டு 16இலே புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தது. நடைமுறையிற் கைமாறியது 1954 நவம்பர் முதல் நாளிலேயே. அதே 1962 ஆகஸ்டின் 4ஆம் நாள்தான், அமைச்சராயிருந்த எழுத்தாளர் மல்ரோவின் பெயரால் வழங்கும் சட்டம், பிரான்சின் பழைய நகர்ப்பகுதிகளைத் தனித்தனிக் கட்டடமாகவன்றி முழுப்பகுதியாகக் காப்பாற்ற வழிசெய்தது. பன்னிரண்டு நாட்கள் முந்திய அச்சட்டத்தின் பயன் புதுவைக்குக் கிட்டவில்லை. கிட்டியிருந்தாலும் அது கால்வாயைக் கடந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

கொழும்புக்கும் இப்பேச்சுப் பொருந்தும். கோட்டையில் ஒல்லாந்தர் மருத்துவமனை புதுப்பிக்கப்பட்டுப் பயணிகள் மொய்க்கிறார்கள். கேமன் வாயில் மணிக்கூண்டைக் கடந்து செட்டியார்தெருக் கோயில்களுக்கும், அப்பால் கொட்டாஞ்சேனைக்கும் எத்தனை பேரை அழைத்து வருகிறார்கள்? கொட்டாஞ்சேனைச் சாந்த லூசியா பேராலயத்தின் வரலாற்றிலேயே ஒரு பிரெஞ்சு அத்தியாயம் இருக்கின்றது. கொழும்பின் பேராயராயிருந்த பொன்ழான் பிரான்சு நாட்டவர். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஆயராயிருந்து தமிழறிந்தவர். பிரெஞ்சு நகர உலாவை நம் வாசலிலிருந்தே தொடங்கலாம் போலும்.

காரைக்காலைச் சொல்லாமல் விட்டால் நிறைவாகாது. 1739இற் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அவ்வூர் நாகபட்டினத்துக்கு வடக்கே இருபது கிலோமீற்றர். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரிற் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தார்க்குக் கிட்டிய பிரெஞ்சு நகரம் அதுவே ஆயிற்று. அங்கே பார்க்கப் பிரெஞ்சு மாளிகைகள் அதிகமில்லை. அம்மையார் கோயிலும், ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவும் உண்டு. புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிக் கட்டுகளைப் பாதுகாக்கிறது. சைவ ஆகமச் சுவடிகளின் அத்தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்ந்தது. அந்நிறுவனம் 1956இலே தன் வெளியீட்டு வரிசையின் முதல் நூலாகப் பதிப்பித்தது எது தெரியுமா? காரைக்காலம்மையாரின் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு என் யோசனை இது. மார்கழி, தை மாதங்களிற் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. உலாவை மறுபுறமிருந்து தொடங்குங்கள். காலை ஏழு மணிக்குச் சந்தை. அடுத்து ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. உள்ளே பார்க்க வேண்டுமாயின் முன்கூட்டி அனுமதி கேட்கவேண்டும். பின்னர் சம்பாக் கோயில், ஈசுவரன் கோயில், பாரதி இல்லம், தெற்கே பள்ளிவாசல் இருக்கும் வீதிகள். நண்பகலில் ஒரு திண்ணையில் இளைப்பாறிக் கொண்டே நாட்குறிப்பின் 1748ஆம் ஆண்டுப் பகுதியில் இரண்டு பக்கம் வாசிக்கலாம். வெயில் தாழ்ந்ததும் கால்வாயைக் கடந்து ஆயி மண்டபம், சுஃப்ரான் வீதி, கடைசியாகக் கடற்கரை. அந்நேரம் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் நடுச்சாலையில் ஓடி விளையாடுவர். காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கற்றூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. அவை எப்படி வந்தன என்று எந்த மாணவராவது கேட்டால், பிரயாணத்தை இன்னும் ஒருநாள் நீட்டிச் செஞ்சிக்கும் போய்வர வேண்டியதுதான். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.